பாக்கி நோன்பு

பெருநாள் முடிந்து வட்டிலப்பச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் ஷவ்வால் ஆறு நோன்பைப் பற்றிய பேச்சு வீடுகளில் தொடங்கிவிடுகிறது. யார் பிடிக்கிறார்கள், எப்போது முடிக்கிறார்கள், தொடர்ந்தாற்போல் பிடிப்பதா விட்டுவிட்டுப் பிடிப்பதா என்று ஆணும் பெண்ணும் விசாரித்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ரமலானில் விட்டுப்போன நோன்பு உனக்கு எத்தனை இருக்கிறது, அதை எப்போது பிடிக்கப் போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆறு நோன்பு சுன்னத்து. விட்டுப்போனது பர்ளு. பர்ளு பாக்கி கிடக்கும்போது சுன்னத்துக்கு இவ்வளவு ஆரவாரம் நடப்பது எனக்கு எப்போதுமே விளங்கியதில்லை.

கீழக்கரையில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, மசாயில் சொல்லிக்கொடுத்தே என் காலம் ஓடியது. ஒளு, தொழுகை, ஜகாத்து என்றால் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்பார்கள். விட்டதைப் பிறகு பிடிக்கும் களா நோன்பு பற்றி மட்டும் எல்லோரும் போன பிறகுதான் பேச்சு வரும். ஒருத்தி கதவோரம் நின்று, "ராத்தா, ஒண்ணு கேக்கணும்" என்று இழுப்பாள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பல வருஷமா சேர்ந்துபோச்சு, எத்தனைன்னு எனக்கே தெரியல. இப்ப என்ன செய்ய?"

கேட்பவள் கல்லூரிப் பெண்ணாகவும் இருப்பாள், பேரப்பிள்ளை எடுத்தவளாகவும் இருப்பாள். தனித்தனியாகச் சொன்னதை மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

நோன்பு கடமையானது ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில். அந்தக் கடமையைச் சொல்லும் இடத்திலேயே, பகரா சூராவின் 184, 185-ஆம் வசனங்களில், பிடிக்க முடியாதவர்களுக்கான வழியும் வந்துவிட்டது. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்துகொள்ளலாம். நோன்பைத் தாங்கவே முடியாதவர் நாளுக்கு ஓர் ஏழை வீதம் உணவளிக்கலாம். நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகையை ஒரு முறை சொன்னதோடு விடாமல் அடுத்த வசனத்தில் மறுபடியும் சொல்லி, உங்களைச் சிரமப்படுத்துவது நோக்கமில்லை என்ற கருத்தையும் இறைவன் சேர்த்திருக்கிறான். இதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வேன். சொல்லாவிட்டால் களா என்றதுமே ஏதோ தண்டனை என்று முகம் சுருங்கிப்போகிறது.

மாதவிலக்கு நாட்களில் பெண் நோன்பு பிடிக்கக் கூடாது. பிடித்தாலும் சேராது. தொழுகையும் அந்த நாட்களில் கிடையாது. ஆனால் விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை, விட்ட நோன்பை மட்டும் பிடித்தாக வேண்டும். இது ஏன் என்று முஆதா என்ற பெண்மணி ஆயிஷா (ரலி) அவர்களிடமே கேட்டிருக்கிறார். நாயகம் (ஸல்) காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் ஏவப்பட்டது என்பதே அவர்கள் தந்த பதிலின் சாரம். பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் காரணமும் சொன்னார்கள். தொழுகை நாளுக்கு ஐந்து வேளை, ஆண்டு முழுக்க வருவது. விட்டதையெல்லாம் மாதாமாதம் திரும்பத் தொழச் சொன்னால் பெண் நிமிர முடியாது. நோன்பு ஆண்டுக்கு ஒரு மாதம்தானே, அதில் விடுவது ஆறு ஏழு நாள்.

ஆறு ஏழு நாள் என்பது கேட்கச் சின்னக் கணக்கு. 13 வயதில் தொடங்கி 48 வயது வரை ஆண்டுக்கு ஆறு என்று போட்டால் 210 நோன்பு வரும். அதாவது ஏழு ரமலான். பிள்ளை பெற்ற மாதங்களும் பால் கொடுத்த மாதங்களும் இதில் சேரவில்லை. அந்தந்த வருஷம் தீர்த்தவளுக்கு அது ஆறாகவே நிற்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளியவள்தான் என் கதவோரம் வந்து நிற்கிறாள்.

என் பெரியும்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத் தமிழில் எழுதிய சட்டக் கிதாபுகள் எங்கள் ஊர் வீடுகளில் இருந்தன; அவற்றைத் திரும்பத் திரும்ப ஓதியே மசாயில் கற்ற தலைமுறை அது. களா கணக்கைப் பெரியும்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தார். எண் கிடையாது, நின்ற கோடுகள். ரமலானில் ஒரு நாள் விட்டால் ஒரு கோடு. பிறகு பிடித்துவிட்டால் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. எண்ணெய்க் கை பட்டு மஞ்சளேறிய அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு விழாத கோடு எதுவும் ஷஃபான் பிறைக்குப் பிறகு இருக்காது. இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் குறித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

எத்தனை என்று மறந்தே போனவர்கள் நிதானமாக உட்கார்ந்து, வயதுக்கு வந்த ஆண்டு, பிள்ளைகள் பிறந்த ஆண்டு, நோயில் கிடந்த ஆண்டு என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, இதற்கு மேல் நிச்சயம் இருக்காது என்று மனம் ஒப்பும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வாரம் ஒன்றாகவோ இரண்டாகவோ பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். களா நோன்பைத் தொடர்ந்தாற்போல் பிடிக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு பெருநாட்களிலும் ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த மூன்று நாட்களிலும் நோன்பு ஆகாது. அது போக, ரமலான் நீங்கலான எல்லா நாளும் உங்களுடையது.

காலத்தைப் பார்த்துப் பிடிப்பதிலும் தவறில்லை. நம் பக்கம் மார்கழிப் பகல் ஆனிப் பகலைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவு. தாகம் அதைவிடக் குறைவு. குளிர்கால நோன்பு வருத்தமில்லாமல் கிடைத்த லாபம் என்ற பொருளில் ஒரு ஹதீஸே இருக்கிறது. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது. 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று ஒரே ஆண்டில் இரண்டு முறை பிறக்கும். வெயில் காலத்து ரமலானில் விட்டதைப் பனிக் காலத்தில் பிடித்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆயிஷா (ரலி) அவர்களே தமக்கு விட்டுப்போன நோன்புகளை ஷஃபானில்தான் பிடிக்க முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அடுத்த ரமலானுக்கு முந்திய மாதம் அது. அதுவரை தள்ளலாம் என்பதற்கும் அதைத் தாண்டக் கூடாது என்பதற்கும் அறிஞர்கள் காட்டும் ஆதாரம் அந்த ஒரே செய்திதான். காரணமில்லாமல் அடுத்த ரமலானையும் தாண்டவிட்டால், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற எங்கள் கடற்கரையூர்களில் உள்ள ஷாஃபிஈ மத்ஹபில், நோன்பையும் பிடிக்க வேண்டும், நாளுக்கு ஒரு முத்து என்னும் அளவு அரிசியும் கொடுக்க வேண்டும். வருஷம் ஏற ஏற அதுவும் ஏறும். மதுரை, திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் ஹனஃபி மத்ஹபு. அவர்களுக்குத் தாமதத்துக்கென்று தனி அபராதம் இல்லை, நோன்பைப் பிடித்தால் போதும். எங்கள் மருமகள்கள் அந்தப் பக்கத்திலிருந்தும் வருவதால் இந்த வேறுபாட்டைச் சொல்லிவைக்கிறேன். எது சரி என்று சாப்பாட்டு சஹனைச் சுற்றி உட்கார்ந்து வாதாட வேண்டாம். அவரவர் மத்ஹபை அவரவர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் வருவோம். தன் உடம்புக்கு ஆகாது என்று விட்டால் களா மட்டும். பிள்ளைக்கு ஆகாதே என்று விட்டால் ஷாஃபிஈ சட்டத்தில் களாவோடு ஒரு முத்தும் உண்டு. ஹனஃபியில் இரண்டுக்கும் களா மட்டும்தான். சட்டம் இவ்வளவு தெளிவாக அவளுக்கு இடம் விட்டிருக்கும்போது, "நாங்க எல்லாம் பிடிக்கலையா?" என்று கேட்கும் மாமிமார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பால் வற்றிப்போய்ப் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டே ஒரு தாய் நோன்பு பிடிப்பதில் என்ன நன்மை கூடிவிடும்? மார்க்கம் கொடுத்த சலுகையைப் பிடுங்க மாமிக்கு உரிமையில்லை.

இனி, எல்லோரும் நழுவிப்போகிற இடத்துக்கு வருகிறேன்.

ரமலானில் நோன்பு பிடிப்பது ஊரோடு சேர்ந்து செய்யும் காரியம். அந்தக் காலத்தில் பக்கிர்சாக்கள் தாயிரா அடித்துக்கொண்டு தெருத்தெருவாக எழுப்பினார்கள். இன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி எழுப்புகிறது. தராவீஹ் முடிந்ததும் நிய்யத்தைச் சொல்லித்தருகிறார்கள். அஸருக்குப் பிறகு கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் ஓடுகிறார்கள். களா நோன்புக்கு இதில் ஒன்றும் கிடையாது. நிய்யத்தை முந்தின இரவே தானாக நினைத்துக்கொள்ள வேண்டும். விடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்பது களாவுக்குச் செல்லாது. களா பிடிப்பவள் நான்கு மணிக்கு, மற்றவர்கள் தூக்கம் கலையாதபடி அடுக்களை விளக்கை மட்டும் போட்டு, இரவு மிஞ்சிய சோற்றில் தயிரை ஊற்றி, நின்றபடியே நாலு வாய் தின்றுவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறாள். சுபுஹு தொழுது முடித்ததும் பிள்ளைகளுக்கு இட்லி ஊற்ற வேண்டும். பகலுக்கு மீன் ஆணம். குழம்பு கொதிக்கும்போது உப்புப் பார்க்க வேண்டும்; அவளோ நோன்பு. தேவைக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சட்டம் இருக்கிறது. பயந்துகொண்டு அதையும் செய்யாமல் இறக்கிவிடுகிறாள். சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னைக்கு உப்பு தூக்கலா இருக்கே" என்கிறார். அவள் சாப்பிடாததை அவர் கவனிக்கவில்லை. மஃரிபு பாங்கு சொன்னதும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்கிறாள். அவளுடைய நோன்பு திறப்பு அவ்வளவுதான்.

பெண்கள் களாவைத் தள்ளிப்போடுவதற்குச் சோம்பல் காரணம் என்று பயானில் சொல்கிறார்கள். அடுக்களைக்குள் வராதவர்கள் சொல்லும் காரணம் அது. நோன்பு பிடிக்கும் அன்று அவள் வேலையில் ஒரு துளியும் குறையாததுதான் நான் கண்ட காரணம். இதற்கு மேல் வெட்கம் வேறு. ஏன் நோன்பு என்று மகன் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று, "வயிறு சரியில்லை, சாப்பாடு வேணாம்" என்கிறாள். ரமலானில் இதே வெட்கம் தலைகீழாக வரும். விலக்கு நாளில் நோன்பு இல்லாதவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து விழுங்குகிறாள். அல்லாஹ்வே சாப்பிடு என்று சொன்ன நாளில் மகனுக்குப் பயந்து பட்டினி கிடக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான் இது. உம்மாவுக்கு இன்று நோன்பு இல்லை, அந்த நோன்பை உம்மா பிறகு பிடிப்பாள் என்று வாப்பா அவனிடம் சொன்னால் எந்த மரியாதையும் குறைந்துவிடாது.

நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா விஷயத்தில் ஆண்கள் பக்கம் இரண்டு விதமான பிழை நடக்கிறது. முதியவர்கள் கொடுக்க மறுக்கிறார்கள். இளையவர்கள் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறார்கள்.

சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள பெரியவர், டாக்டர் கூடாது என்று சொன்ன பிறகும், "அறுபது வருஷமா விடாத நோன்பு" என்று பிடிவாதம் செய்கிறார். பகல் மூன்று மணிக்குக் கை நடுங்கி வேர்த்து ஊற்றுகிறது. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே நோன்பை முறித்துச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த விதி. அவர் மஃரிபு வரை பார்க்கலாம் என்கிறார். இதை ஈமானின் உறுதி என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், முதுமை தட்டிய காலத்தில் நோன்பை விட்டுவிட்டு, நாள்தோறும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள். அவர்களைவிட நாம் பேணுதலானவர்களா?

தீராத நோயும் தள்ளாமையும் உள்ளவர்களுக்கு ஃபித்யாவே முழு வணக்கம். அவர்களுக்குக் களா இல்லை. ஒரு முத்து என்பது நடுத்தரமான ஒருவர் இரண்டு கையையும் குவித்து அள்ளும் அளவு. நம் ஆலிம்கள் ஏறத்தாழ 600 கிராம் அரிசி என்று கணக்கிடுகிறார்கள். முப்பது நாளுக்கு 18 கிலோ. இருபத்தைந்து கிலோ சிப்பம் ஒன்று வாங்கினால் மிச்சம் வரும். ஷாஃபிஈயில் தானியமாகவே கொடுக்க வேண்டும். ஹனஃபியில் அரை ஸாவு கோதுமை, அதாவது நாளுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், அல்லது அதன் விலை. அரிசியை அளந்து கொடுக்கும்போது அந்தப் பெரியவரையே உட்கார வைத்து, அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நோன்பு போய்விட்டதே என்ற அவருடைய ஏக்கம் அதில் பாதி ஆறிவிடும்.

இளையவர்கள் கதை வேறு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆரோக்கியமான பிள்ளை, பயணத்தில் விட்ட நோன்புக்குப் பணம் அனுப்பி, "என் பேர்ல ஃபித்யா கொடுத்துடுங்க" என்கிறான். எண்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நோன்பை விட அவனுக்கு அனுமதி உண்டு. விட்டதைப் பணத்தால் தீர்க்க அனுமதி இல்லை. உடம்பில் தெம்பு இருப்பவன் உடம்பால்தான் தீர்க்க வேண்டும். அவன் அனுப்பிய பணம் சதக்காவாகப் போய்ச் சேரும், நோன்பு அவன் கணக்கிலேயே நிற்கும்.

ஃபித்யாவோடு கஃப்பாராவையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ரமலான் பகலில் நோன்போடு இருந்துகொண்டே தாம்பத்தியத்தில் ஈடுபட்டவருக்கு உரியது கஃப்பாரா. அடிமை விடுதலை, முடியாவிட்டால் இரண்டு மாதம் இடைவிடாத நோன்பு, அதுவும் முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. வேண்டுமென்றே உண்டு குடித்து முறித்தவருக்கும் ஹனஃபியில் இது உண்டு. ஷாஃபிஈயில் அவருக்குத் தவ்பாவும் களாவும். கடுமையான சட்டம்தான். ஆனால் இந்தச் சட்டம் நமக்குக் கிடைத்த நிகழ்ச்சியைப் பாருங்கள். ஒரு மனிதர் ஓடி வந்து, நான் அழிந்தேன் என்று நாயகத்திடம் முறையிடுகிறார். மூன்றையும் வரிசையாகக் கேட்கிறார்கள். மூன்றுக்கும் இல்லை, முடியாது என்றே சொல்கிறார். சற்று நேரத்தில் யாரோ ஒரு கூடை பேரீச்சம்பழம் கொண்டுவர, இதை எடுத்துப்போய்த் தருமம் செய் என்று அவரிடமே கொடுக்கிறார்கள். மதீனாவின் இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்கும் இடையில் எங்களைவிட ஏழைக் குடும்பம் எது என்கிறார் அவர். நாயகம் பல் தெரியச் சிரித்து, உன் வீட்டாருக்கே கொடு என்று அனுப்பிவைத்தார்கள். ஏச்சும் இல்லை, ஊரைக் கூட்டி அவமானப்படுத்தியதும் இல்லை. விட்ட நோன்பைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் அந்தச் சிரிப்பையும் சேர்த்துச் சொல்லலாம்.

இறந்தவர் வைத்துப்போன நோன்பு பற்றியும் கேட்கிறார்கள். பிடிக்க வாய்ப்பே இல்லாமல் நோயிலேயே மௌத்தானவர் மீது எந்தப் பாக்கியும் இல்லை. அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள். வாய்ப்பிருந்தும் பிடிக்காமல் போனவருக்காக உறவினர் நோற்கலாம் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. இமாம் நவவீ ஆதரித்த கருத்தும் அதுதான். அல்லது, சொத்தைப் பங்கு வைக்கும் முன் நாளுக்கு ஒரு முத்து எடுத்துக் கொடுக்கலாம். ஹனஃபியில் அவர் வஸிய்யத் செய்திருந்தால்தான் அது கட்டாயமாகும். முப்பது பேர் ஒருவருக்காக ஒரே நாளில் நோன்பு பிடித்தாலும் செல்லும் என்று ஹசன் பஸரீ (ரஹ்) சொன்னதைப் புகாரி இமாம் பதிவு செய்திருக்கிறார்கள். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கு ஆறு நாள் பிடித்தால் ஒரு ரமலான் தீர்ந்துவிடும். பத்தாம் நாள், நாற்பதாம் நாள் என்று சஹன் கணக்கில் ஆக்கிப்போட்டுக் கடன்படுகிற வீடுகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை.

உயிரோடு இருக்கும்போதே தீர்ப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம். அதற்குப் பெண்களிடம் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆண்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பாக்கி என்று ஷஃபான் வரை காத்திராமல் இப்போதே கேளுங்கள். திங்கள், வியாழனில் சுன்னத்து நோன்பு பிடிக்கிறவர்கள் அதே நாளில் அவளும் களாவைப் பிடிக்கட்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சஹருக்கு நீங்கள் முதலில் எழுந்து அடுப்பைப் பற்றவையுங்கள். பகல் சாப்பாடு கடையிலிருந்து வரட்டும்.